மேற்கு ஜன்னலுக்கு ஒரு மறைப்பு

குளோரி கருங்கல் என்ற ஊரின் சந்தையில் மீன் விற்கிறவள். கடற்கரையில் பிறந்து, அடுத்த கடற்கரையில் சிலுவைதாசனுக்கு வாழ்க்கைப்பட்டு, நாற்பது வயதுக்கு மேல் கடல் சத்தமே கேட்காத ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தாள். பிள்ளைகள் இல்லை. அவள் ஊரை விட்டு வந்ததற்குக் காரணம் அவள் புருஷன். அவனை யாரும் பார்க்கக் கூடாது.

சிலுவைதாசன் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கும் படகில் போனவன். மடி வலையை இழுக்கும்போது, அதைச் சுருட்டும் விஞ்சு இயந்திரத்தின் கம்பி அறுந்து முதுகில் அடித்தது. அன்றைக்கு விஞ்சில் நின்றவன் சொந்தத் தம்பி எட்சன். ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கைகள் நன்றாக இருந்தன. புத்தியும் நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம்.

கடற்கரையில் வீட்டை ஒட்டி வீடு. பகலில் கதவைச் சாத்தினால் அடுத்த வீட்டில் முகம் சுளிப்பார்கள். நோயாளியைப் போய்ப் பார்ப்பது அங்கே கடமை. வந்தவர்கள் நின்று பார்த்தார்கள், உட்கார்ந்து பார்த்தார்கள், குளோரி அவனுக்குத் துணி மாற்றும்போதும், “நமக்குள்ள என்னட்டி வெக்கம்” என்று சொல்லிக்கொண்டே பார்த்தார்கள். ஊர்த் திருவிழா வடமிழுவையில் கடைசி ஆளாக நின்று கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொள்கிறவன் அவன். அந்த இடுப்பில் இப்போது மூத்திரப் பை. எட்சன் ஒருநாள் வந்து வாசலில் நின்று அழுதான். சிலுவைதாசன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அன்று சாயங்காலம் குளோரியிடம், “ஆரும் என்னப் பாக்காத எடத்துக்குக் கொண்டு போ” என்றான்.

கருங்கலில் கிடைத்தது சுயம்புராஜ் வீட்டு மாடி. அவர் வைகுண்டரைக் கும்பிடுகிற அய்யாவழிக்காரர், பேச்சு குறைவு. மனைவி முத்துக்கனி அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மாடியில் மீன் கழுவக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சந்தை முடிந்து வரும் குளோரி கீழே வெளிக் குழாயில் குளித்துவிட்டுத்தான் படி ஏற வேண்டும். சரியாகக் குளிக்கிறாளா என்று முத்துக்கனி கதவில் சாய்ந்து நின்று பார்ப்பாள். குளோரி அதைக் குறையாகச் சொன்னதில்லை. அவளைப் பார்க்கலாம், அவனைத்தான் பார்க்கக் கூடாது.

கட்டிலுக்குப் பக்கத்தில் மேற்கு நோக்கிய பெரிய ஜன்னல். குறுக்கும் நெடுக்குமான கம்பி அழி உள்ளே, கண்ணாடிக் கதவுகள் வெளியே திறக்கும். அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. எட்டிப் பார்க்க மனிதர் இல்லாததால் திரையும் தேவைப்படவில்லை. முதல் வருஷம் அவன் கொஞ்சம் பேசினான் என்று குளோரி சொல்வாள். எந்தத் தென்னையில் எத்தனை குலை என்று அவளிடம் கணக்குச் சொல்வானாம்.

பிறகு தோப்பை விற்றார்கள். மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். கடைக் கட்டடம் ஒன்று எழும்பியது. கீழ்த்தளம் எழும்பியவரை தொந்தரவில்லை. மேலே தளம் போட்ட பிறகு ஒரு காலையில், குளோரி அவனை அம்மணமாக்கித் துடைத்துக்கொண்டிருந்தபோது, எதிர்ச் சாரத்தில் நின்று பீடி பற்றவைத்த வேலையாள் ஒருவன் இந்தப் பக்கம் பார்த்தான். வேண்டுமென்று பார்க்கவில்லை. கண்ணுக்கு நேரே ஜன்னல் இருந்தது, பார்த்தான்.

“அடை” என்றான் சிலுவைதாசன்.

குளோரி துணிக்கடையில் விலை குறைந்த திரை ஒன்று வாங்கினாள். அதை மாட்டுவதற்குக் கம்பி வேண்டும், கம்பிக்குச் சுவரில் துளை வேண்டும். துளை போட வழியில்லை. ஒட்டுகிற கொக்கிகள் வாங்கினாள். அவை திரையின் பாரத்தில் சுவரின் பெயின்டையும் உரித்துக்கொண்டு விழுந்தன. அதற்கு முத்துக்கனியிடம் வசவு. திருகினால் நீண்டு இரண்டு பக்கச் சுவரிலும் முட்டிக்கொண்டு நிற்கும் கம்பி ஒன்று உண்டு. சின்ன ஜன்னலுக்கு நல்லது. இந்த ஜன்னலோ அகலம், ஆனாலும் அதையும் வாங்கி மாட்டினாள். அவள் சந்தையில் இருந்தபோது அந்தக் கம்பி வழுக்கி அவன் முழங்காலுக்குக் கீழே விழுந்திருக்கிறது. வலி தெரியாததால் அவன் கவனிக்கவில்லை. அவள் வந்து பார்க்கும்போது மெத்தையில் ரத்தம் காய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் கண்ணாடிக் கதவுகளை இழுத்துச் சாத்தி, மைதாப் பசை காய்ச்சி, கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டிவிட்டாள். கூலி இல்லை, ஆணி இல்லை, செலவும் இல்லை. எவனும் பார்க்க முடியாது. காற்றும் வர முடியாது.

நான் கேரளத்தில் வெகுகாலம் வீட்டு நர்சாக இருந்தவள். இப்போது, படுக்கையில் விழுந்தவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் குழு ஒன்றில் இருக்கிறேன். சந்தையில் மீன் வாங்கப் போனபோது குளோரிதான் கேட்டாள், “அக்கா, முதுவுல ஒரு கருப்பு. என்ன போட்டாலும் போவல்ல. ஒரு நாற்றமும் வருது. ஒண்ணு வந்து பாக்கியளா?” அவரு சம்மதிப்பாரா என்று கேட்டேன். “ஒங்களுக்கு அது வேலைதானேன்னு சொல்லிக்கிடுதேன்” என்றாள்.

அறைக்குள் நுழைந்தபோது மூச்சு முட்டியது. மேலே மொட்டைமாடி காய்கிறது, மேற்கே கண்ணாடி காய்கிறது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருந்தது.

“இது என்னட்டி, ஆள் கெடக்க எடமா, நெல்லு அவிக்கிற அண்டாவா?”

“அவரு தொறக்க விடமாட்டாரு அக்கா.”

படுக்கைப் புண் எப்படி வருகிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உணர்வில்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி ரத்த ஓட்டம் நிற்கிறது. வியர்வையில் தோல் ஊறிப்போகிறது. வெளியே சின்னக் கருப்பு தெரிகிறபோது உள்ளே பெரிய குழி ஆகியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். குளோரி அதைச் செய்தாள். மீனைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு நடுவில் வீட்டுக்கு ஓடிவந்து அவனைப் புரட்டிவிட்டுப் போவாள். புண் வந்தது வேர்வையால், சூட்டால். கறுத்த தோலை நீக்கிப் பார்த்தேன். உள்ளே என் விரல் போனது.

“ஜன்னலத் தொறக்கணும்” என்றேன் அவனிடம். “பழைய பருத்தி வேட்டி ஒண்ணு மெல்லிசாட்டு கட்டினா போதும். காத்து வரும், ஆரும் பாக்க முடியாது.”

“மெல்லிசாட்டு கட்டினா தெரியும்.”

“பகல்ல தெரியாது. வெளிய வெளிச்சம் கூடுதல், உள்ள கொறவு. வெளிய நிக்கவனுக்குத் துணிதான் தெரியும்.”

“நீங்க அங்க நின்னு பாத்தியளா?”

“புண்ணப் பாத்தேன். அது போதாதா?”

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “புண்ணு எனக்கு நோவல்ல. அவனுவ பாக்கதுதான் நோவுது.”

நான் புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டி, நாற்றத்துக்கு மாத்திரையைப் பொடித்துத் தூவக் கற்றுக்கொடுத்து, ஜன்னல் திறக்காமல் இது ஆறாது என்று குளோரியிடம் படிக்கட்டில் வைத்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

புருஷன் சொல்லுக்கும் என் சொல்லுக்கும் நடுவில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சந்தையில் மீன்காரிகள் வெயிலுக்குத் தலைக்கு மேலே கட்டுவது பழைய பிளெக்ஸ். கல்யாணம், தேர்தல், சாவு, எது முடிந்தாலும் அந்த பிளெக்ஸ் யாருக்காவது கூரையாகும். ஜன்னல் அகலத்துக்குச் சரியாக ஒன்று அவளிடம் இருந்தது. கீழ்ப்பாதியை, அச்சுப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து மேலே மடக்கி, நைலான் கயிற்றால் கம்பி அழியில் கட்டி, வெளியே கண்ணாடிக் கதவுகளைத் திறந்துவிட்டாள். உள்ளே வெள்ளைப் பக்கம். எழுத்துப் பக்கம் வெளியே.

அடுத்த தடவை ஒரு சாயங்காலம் நான் போனபோது அவனுக்குக் காய்ச்சல். குளோரி அன்று சந்தைக்குப் போகவில்லை. வாசலும் படியும் கிழக்கே இருப்பதால் நானும் உள்ளே வந்து வெள்ளைப் பக்கத்தைத்தான் பார்த்தேன்.

“இதுல காத்து எங்கட்டி வருது? ஓரத்துலகூட ஈ நுழையாது.”

“வேட்டிக்குச் சம்மதிக்கல்ல அக்கா. இதுக்குச் சம்மதிச்சாரு. ரெண்டு பொத்தல் போட்டுத் தாறேன்.”

“வெளிப்பக்கம் என்ன படம்?”

“என்னமோ சாவு. படம் மடக்குக்குள்ள போயிட்டு, மேல எழுத்து மட்டும்தான். எதிர்ல நிக்கது எல்லாம் வங்காளிப் பயலுவ, தமிழ் வாசிக்கவா போறானுவ?”

எதிர்ச் சாரத்தை மட்டும் அவள் யோசித்தாள். கடற்கரைக்குப் போகும் பஸ் அந்தக் கட்டடத்தை ஒட்டிய வளைவில்தான் திரும்பும், அங்கிருந்து இந்த ஜன்னல் தெரியும். அன்று மத்தியானம் சந்தை முடிந்து அந்த பஸ்ஸில் போன மீன்காரிகள், குளோரி ஏன் வரவில்லை என்று பேசிக்கொண்டே தலையை நிமிர்த்தியிருக்கிறார்கள். சிலுவைதாசன் கிடக்கிற அறையின் ஜன்னலில், சாண் உயர எழுத்தில், ‘கண்ணீர் அஞ்சலி’. அதற்குக் கீழே, ‘இயேசுவில் நித்திரை அடைந்தார்’. பெயரும் படமும் மடிப்புக்குள். பெயர் எதற்கு, எல்லாருக்கும்தான் தெரியுமே. பஸ் கடற்கரையைத் தொட்டதும் செய்தி தொட்டது. கோயிலில் மணி அடிக்கும் இஞ்ஞாசி துக்க மணியும் அடித்துவிட்டார்.

நான் அவனை ஜன்னல் பக்கம் பார்க்கச் சரித்துப் போட்டு, முதுகைத் திறந்து வைத்துப் புண்ணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கீழே வேன் நிற்கும் சத்தம். பிறகு முத்துக்கனியின் குரல்: “செத்த வீடா? எங்க? எங்கிட்ட சொல்லாம ஆரு செத்தது?” அதை அமுக்கிக்கொண்டு பெண்களின் ஒப்பாரி படியேறியது.

சிலுவைதாசனுக்குத் தம்பியின் குரல் அடையாளம் தெரிந்தது. “மூடுங்க” என்றான் என்னிடம். “எல்லாத்தையும் மூடுங்க.” கிடைத்த போர்வையை இழுத்துப் போட்டேன். முழுக்க மூடுவதற்குள் அறை நிறைந்துவிட்டது. முன்னால் எட்சன், வெள்ளை வேட்டி, கையில் மலர் வளையம். சிலுவைதாசன் கண்ணை மூடிக்கொண்டான். மூச்சையும் அடக்கிக்கொண்டான். அப்படிக் கிடந்தால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். எட்சன் வளையத்தை அவன் கால்மேல் வைத்தான். பெண்கள் கட்டிலில் விழுந்தார்கள். அதில் போர்வை நழுவி, மருந்து வைக்காத புண் வெளியே வந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் அதைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

வெந்நீரோடு அடுக்களையிலிருந்து வந்த குளோரி பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

“ஏட்டி, ஆரட்டி செத்தது? அவரு உயிரோடல்லா கெடக்காரு!”

“உயிரோட இருக்கானா?” என்றாள் ஒரு கிழவி. “மணி அடிச்சாச்சேட்டி!”

சிலுவைதாசன் கண்ணைத் திறந்தான். யாரையும் திட்டவில்லை. தம்பியை மட்டும் பார்த்து, “எலே எட்சா, பூ வாடிரும். எடுத்துட்டுப் போ” என்றான்.

குளோரி ஓடிப்போய் பிளெக்ஸைப் பிய்த்தாள். சத்தம் கேட்டு எதிர்ச் சாரத்தில் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் சாரம், நடுவில் அவன். நான் கத்தி எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தி, முதலில் புண்ணைக் கட்டினேன்.

வெளியே வந்தபோது எட்சன் படியில் உட்கார்ந்திருந்தான். வளையம் மடியில்.

“பழைய பருத்தி வேட்டி இருக்கா?” என்று கேட்டேன்.

“உடுத்திருக்கதுதான் இருக்கு.”

“அதக் கஞ்சி போக அலசிக் காயப்போட்டு நாளைக்குக் கொண்டு வா. வரும்போது ஆள்கூட்டம் வேண்டாம்.”

மறுநாள் தனியாக வந்தான். வேட்டியை அழியின் மேல் கம்பியில் கயிறு கோத்துக் கட்டினோம். ஆணி இல்லை, கொக்கி இல்லை. சிலுவைதாசன் தம்பியோடு பேசவில்லை, என்னிடம்தான் பேசினான்: “தெரியாதுன்னு ஆரு சொல்லணும்?” எட்சன் இறங்கிப் போய், எதிர்க் கட்டடத்துச் சாரத்தில் ஏறிக் குளோரியின் போனுக்கு அடித்தான். அவள் அதைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

“எலே, நிக்கியா?”

“நிக்கேன்.”

“என்ன தெரியுது?”

“வேட்டி தெரியுது. வேற ஒண்ணும் தெரியல்ல.”

“கையத் தூக்குதேன். இப்பம்?”

“இல்ல.”

“பொய் சொல்லாத.”

“பொய் சொல்லல்ல அண்ணா.”

அப்போது காற்று அடித்தது. துணி உள்ளே எழும்பி அமர்ந்தது.

“இப்பம்?” என்றான் சிலுவைதாசன்.

“இப்பம் தெரியுது.”

“என்ன தெரியுது?”

“நீ தெரியுத.”

சிலுவைதாசன் போனை மெத்தையில் வைத்துவிட்டான். பொய் சொல்லியிருக்கலாமே என்று குளோரி முணுமுணுத்தாள். பொய் சொல்லியிருந்தால் அடுத்த காற்றில் அவன் திரும்பவும் கதவை அடைக்கச் சொல்லியிருப்பான்.

எட்சன் அடுத்த நாள் வலையின் அடியில் கோக்கிற ஈயக்குண்டுகள் கொண்டுவந்தான். கட்டிலுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் அடியில் உட்கார்ந்து, வேட்டியின் கீழ்விளிம்பை மடித்து, குண்டுகளை உள்ளே வைத்து வலை நூலால் தைத்தான்.

“திரும்பிப் பாராத” என்றான் அண்ணன்.

“பாக்கல்ல.”

தைத்து முடிக்கிறவரை அப்படியேதான் பேசிக்கொண்டார்கள். எந்தப் படகு இப்போது எவன் கையில், என்ஜின் மாற்றியாச்சா, யார் கொச்சிக்குப் போனார்கள். விஞ்சைப் பற்றிப் பேச்சு வரவில்லை. பிறகு எட்சன் எதிரே போய் நின்று பார்த்து, காற்றிலும் தெரியவில்லை என்று போனில் சொன்னான். பகலுக்கு அது போதும். விளக்குப் போட்டால் வெளிச்சம் உள்ளே கூடி, வெளியே நிற்பவனுக்கு எல்லாம் தெரியும். அதனால் பொழுது சாய்ந்தால் கறுத்த சேலை ஒன்றை இரண்டாவதாகக் கட்டச் சொன்னேன். மத்தியானம் வேட்டியின் கீழ்ப்பாதியைத் தண்ணீரில் நனைத்துவிட்டால் வருகிற காற்று குளிர்ந்து வரும். எல்லாம் குளோரி செய்தாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு மனிதர் மூச்சுவிட முடிந்தது.

புண் ஆறவில்லை. ஜன்னலை அடைத்து வைத்த அந்த மாதங்களில் அது எலும்பைத் தொட்டுவிட்டது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டிச் சுத்தம் செய்தார்கள், ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். அங்கே வார்டில் பத்துக் கட்டில்கள், மறைப்புக்கு ஒரு திரையும் இல்லை. “வீட்டுக்குக் கொண்டு போ. அங்க ஜன்னல் இருக்கு” என்று அவன் குளோரியிடம் சொன்னான். கொண்டுவந்தாள். ஒரு மத்தியானம் அவள் துணியை நனைத்துவிட்டுத் திரும்பியபோது மூச்சு நின்றிருந்தது.

வாடகை வீட்டில் சாவு என்றால் வீட்டுக்காரர்கள் முகம் மாறும். முத்துக்கனி, “சட்டுன்னு எடுத்துட்டுப் போயிருங்க மக்கா” என்றாள். சொல்லிவிட்டு, நாங்கள் குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் அவளேதான் கொண்டுவந்து மாடியில் வைத்தாள். குளிப்பாட்டி முடித்ததும் குளோரி நாற்காலியில் ஏறி வேட்டியை அழியிலிருந்து அவிழ்த்தாள்.

கடற்கரையில், எட்சன் வீட்டு முற்றத்தில், குளிர்சாதனக் கண்ணாடிப் பெட்டி. நாலு பக்கமும் கண்ணாடி, சுற்றி நின்று பார்ப்பதற்கென்றே செய்தது. குளோரி அந்த வேட்டியைப் பெட்டிமேல் விரித்தாள். ஈயக்குண்டு தைத்த விளிம்பு ஒரு பக்கம் தொங்கியது, மறுபக்க மூலைகளைப் பெட்டியின் காலோடு கட்டினாள். கடல்காற்று பலமாக அடித்தது. துணி எழும்பவில்லை.

ஊர் கூடிவிட்டது. அன்றைக்கு மூக்கைப் பொத்தியவர்களும் வந்திருந்தார்கள். “மொகத்தையாவது ஒருக்க காட்டுட்டி. பாக்காம எப்பிடி அடக்குதது?” என்றாள் அதே கிழவி. பெட்டியின் தலைமாட்டில் நின்ற எட்சன்தான் சொன்னான்:

“அன்னைக்கே வந்து நல்லா பாத்தியளே பெரியம்மா. அது போதும்.”

இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். அவன் நகரவில்லை. அடக்கம் வரை அங்கேயே நின்றான். பிளெக்ஸ் வைக்க இளைஞர்கள் படம் கேட்டார்கள். வேண்டாம் என்று அனுப்பினான். இஞ்ஞாசி வந்து தயங்கி நின்று, “அவனுக்கு ஒருக்க அடிச்சாச்சே, இன்னொருக்க அடிக்கணுமாடே?” என்று கேட்டார்.

“அடிங்க” என்றான் எட்சன். “அன்னைக்கு அடிச்சது எனக்குன்னு வச்சிக்கிடுங்க.”

குளோரி அந்த மாடியில்தான் இருக்கிறாள். கடற்கரைக்கு வா என்று எட்சன் கூப்பிட்டும் போகவில்லை. சந்தை பக்கம் என்பதால். சில வாரம் கழித்து வேட்டியைத் துவைத்து மடித்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். குண்டுகளைப் பிரிக்கவில்லை. “ஏதாவது ஜன்னலுக்கு ஆவும்லா அக்கா” என்றாள். இப்போது அது அருமனையில் ஒரு வீட்டில் தொங்குகிறது.

போன வாரம் நான் மேலே போனபோது அவள் பிளேடு வைத்துக் கண்ணாடியில் காய்ந்த செய்தித்தாளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி கெட்டுப்போகிறது என்று முத்துக்கனியின் வசவு. ஜன்னலில் துணி எதுவும் இல்லை. எதிர்க் கட்டடத்தில் கடை திறந்துவிட்டார்கள். மேல்தளத்தில் இரண்டு பேர் தேநீர் குடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்து நின்றார்கள்.

“ஒனக்கு ஒண்ணு கட்டிக்கிடேன்” என்றேன்.

“பாக்கட்டு அக்கா” என்றாள், சுரண்டுவதை நிறுத்தாமல். “இனி என்ன இருக்கு பாக்க?”

மைதாப் பசை நன்றாகப் பிடித்திருந்தது. நானும் ஒரு பிளேடு எடுத்துக்கொண்டேன்.